மன்னிக்கப் போன அக்கா

பாலில் தண்ணீர் ஜாஸ்தி என்று ஒருநாள் பால்காரரிடம் பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே சொல்லிவிட்டாள்: "நாளையிலேருந்து உன் பால் எனக்கு வேணாம்பா." அப்போது திருவண்ணாமலையை ஒட்டின வேங்கிக்காலில் எங்கள் நகர் புதிதாக முளைத்துக்கொண்டிருந்தது. இங்கொன்றும் அங்கொன்றுமாக வீடுகள், நடுவில் முள்ளுக்காடு. வேறு பால்காரர் கிடையாது. அக்கா மாசக்கணக்கில் பால் இல்லாத டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பால் டீ என்றால் உயிர். அந்த மனுஷனும் தினமும் எங்கள் வீட்டுக்கு ஊற்றிவிட்டு அவள் கேட்டருகே நின்று, "யக்கா, இப்பல்லாம் தண்ணியே ஊத்தறதில்லக்கா, சத்தியமா" என்பார். நானும் சிபாரிசு பண்ணிப் பார்ப்பேன்.

"வாயால சொல்லிட்டேனேடி" என்பாள். அதற்கு மேல் பேச்சில்லை.

ஜில்லா ஆபீசில் நான் தற்காலிகமாகக் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்த காலம் அது. அக்கா அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருந்தாள். பக்கத்துப் பக்கத்து வாடகை வீடு. என்னைவிடப் பதினைந்து வயசாவது மூத்தவள். என்னிடம் ஒரு ஸ்கூட்டி இருந்தது, அவளிடம் போக வேண்டிய இடங்கள் இருந்தன. அப்படித்தான் பழகினோம். யாருடைய கையைப் பிடித்தாலும், "சுருக்குனு இருக்கும், அப்புறம் ஒண்ணும் தெரியாது" என்று சொல்லித்தான் ஊசி போடுவாள். எனக்குப் பிரசவம் நெருங்கியபோதும் அதையேதான் சொன்னாள். அன்றைக்கு அவளைக் கடித்துவிடலாம் போல இருந்தது.

அவளுடைய புருஷன் ஓடிப்போனவர் அல்ல. அதுதான் அவளுக்கு வந்த கஷ்டமே. ஓடிப்போயிருந்தால் ஊர் அவள் பக்கம் நின்றிருக்கும். அவர் சாமியாராகப் போனவர். ஆற்காட்டில் ஒரு அரிசி மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர், ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தார், வீடு திரும்பவில்லை. பொண்ணு அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அக்கா தேடிக்கொண்டு வந்தபோது கிரிவலப் பாதையில் ஒரு புங்கமரத்தடியில் காவி கட்டி உட்கார்ந்திருந்தாராம். இவள் அழுதாள், காலைப் பிடித்தாள், பொண்ணின் போட்டோவைக் காட்டினாள். "நீ தேடற ஆள் போயிட்டாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வேறு யாராக இருந்தாலும் இந்த மலை இருக்கும் திசைப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்கள். அக்கா இந்த ஊருக்கே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "கண்ணுக்கெட்டற தூரத்துல இருந்தா திட்டறதுக்கு சௌகரியம்" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று சாயங்காலம் டியூட்டி முடிந்து மலையைச் சுற்றப் போவாள். அந்த மரம் வரும்போது நடையை மெதுவாக்கி, உதடு அசையாமல், வயிறாரத் திட்டிக்கொண்டே கடந்து போவாள். பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பத்திரிகையைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். காற்று அதை ரோட்டுக்கு அடித்துக்கொண்டு போனது. அவர் கண் திறக்கவில்லை. கல்யாண மேடையில் அக்கா தன் அண்ணனையும் அண்ணியையும் உட்காரவைத்து தாரை வார்க்கச் சொல்லிவிட்டு, சமையல்கட்டில் போய் அப்பளம் எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வருஷங்களில் அவளுக்குச் சரியான தூக்கமே கிடையாது. கண்ணுக்குக் கீழே கருப்பு, எப்போதும் ஒரு தலைவலித் தைலத்தின் வாசனை.

எங்கள் ஊரில் இட்லிக் கடை மாடியிலேயே ஆத்ம விசாரம் நடக்கும். தியானம், மூச்சு, மௌனம், உள்காயம் ஆற்றுவது என்று கிரிவலப் பாதையில் வீட்டுக்கு வீடு போர்டு. நான் அதையெல்லாம் கிண்டல் பண்ணுகிறவள். அப்படி ஒரு இடத்தில் இலவச ரத்தப் பரிசோதனை முகாம் வைத்தார்கள், அக்கா போனாள். வேலை முடிந்ததும் வகுப்பு நடத்துகிற டீச்சர், மலையாளம் கலந்த தமிழ் பேசுகிற ஒரு அம்மா, "கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்களேன்" என்றிருக்கிறார். கண்ணை மூடி, மூச்சு எங்கே முட்டுகிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா பார்த்தாள். அப்புறம் அழ ஆரம்பித்தவள், முந்தானையைப் பிழிகிற அளவுக்கு அழுதாளாம்.

"யாரும் ஏன் அழறேன்னு கேக்கலடி. அழாதேன்னும் சொல்லல. சும்மா பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க" என்றாள். அவளுக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு. வீட்டிலும் ஒரு இடம் பிடித்தாள். முன்னறையில் ஜன்னலுக்குக் கீழே ஒரு கோரைப்பாய். அங்கே உட்கார்ந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே மலையின் உச்சி தெரியும். காலையில் டியூட்டிக்கு முன்னால் அதில் போய் உட்கார்ந்துவிடுவாள். நான் கறிவேப்பிலைக்கோ சாவிக்கோ போனால் ஜன்னல் வழியாக அவள் முகம் தெரியும். தூங்கி எழுந்த குழந்தையின் முகம் போல இருக்கும். இரண்டு மூன்று மாசத்தில் தைல வாசனை போய்விட்டது. தூங்கினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் தனியாக ஹோட்டலில் உட்கார்ந்து ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்று வெட்கத்தோடு சொன்னாள்.

"உள்ள ஒரு பொண்ணு இருக்காடி" என்றாள் ஒருநாள். "பாவாடை கட்டிக்கினு, ரெட்டைச் சடை போட்டுக்கினு. நாந்தான் அவ. இத்தினி வருஷமா அவளை யாருமே பார்க்கல. நானும் பார்க்கல. இப்ப தினம் போயி பார்க்கறேன்."

எனக்குக் கிண்டல் பண்ணத் தோன்றவில்லை.

அப்புறம்தான் மன்னிப்புப் பாடம் வந்தது. நம்மைக் காயப்படுத்தினவர்களை ஒவ்வொருவராகக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து, "உன்னை மன்னித்துவிட்டேன், நல்லா இரு" என்று மனசுக்குள் சொல்ல வேண்டும். மனசுக்குள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அக்காவுக்கு அது ஒப்பவில்லை.

"மனசுக்குள்ள சொன்னா அவங்களுக்கு எப்படிடி கேக்கும்? சொல்றதுன்னா நேர்ல சொல்லணும். வண்டியை எடு."

முதலில் கீழ்பென்னாத்தூர். அங்கே அவளுடைய நாத்தனார், புருஷனின் அக்கா. "நீ சரியா இருந்திருந்தா என் தம்பி ஏன் போறான்" என்று ஊர் கூட்டிச் சொன்னவர். நாங்கள் போனபோது வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா தண்ணீர் வாங்கிக் குடித்தாள், முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க அன்னைக்குச் சொன்னதை எல்லாம் மன்னிச்சிட்டேன். நல்லா இருங்க."

"இன்னாது?"

"மன்னிச்சிட்டேன் அண்ணி."

"என்னை மன்னிக்க நீ யாருடி? நான் இன்னாடி தப்பு பண்ணேன்? வேலைக்குப் போறோம்னு திமிரா?" முறத்தோடு எழுந்துவிட்டார். தெருவே கூடிவிட்டது. அக்கா மட்டும் ஊசி போட்டு முடித்தவளைப் போல அமைதியாக நின்றாள். வண்டியைக் கிளப்பும்போது நாத்தனார் பின்னாலேயே ஓடிவந்து ஒரு பை மல்லாட்டையை என் மடியில் போட்டார். "வீட்டுக்கு வந்துட்டு வெறுங்கையோட போவாதீங்க" என்று அதே கோபத்தோடு சொன்னார்.

அடுத்து, இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த புதிதில் எல்லோர் முன்னாலும் இவளை "புருஷனை வச்சுக்கத் தெரியாதவ" என்று சொன்ன ஒரு மேலதிகாரி. ஓய்வு பெற்று, டவுனில் மகன் வீட்டில் இருந்தார். அவருக்கு அக்காவை நினைவே இல்லை. அக்கா பொறுமையாக எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி நினைவுபடுத்தப் பார்த்தாள். முடியவில்லை. சரி என்று மன்னித்தாள். அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, "சுகர் டெஸ்ட்டுக்குத்தானே வந்திருக்கீங்க? வெறும் வயித்துல இல்லியேம்மா" என்றார். திரும்பும்போது நான் சிரித்துக்கொண்டே வண்டியை ஓட்டினேன். கொஞ்ச தூரம் போனதும், "எத்தினி வருஷம் அந்தாளை நினைச்சு நினைச்சு வயித்தெரிஞ்சிருக்கேன் தெரியுமா" என்றாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

கடைசியாகப் புங்கமரம்.

அன்றைக்கு அக்கா தலைக்குக் குளித்துப் புதுச்சேலை கட்டியிருந்தாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அன்னதானத்துக்கு வரிசையாகச் சாமியார்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தாடி முழுக்க நரைத்திருந்தது, முழங்காலில் துணி சுற்றியிருந்தார். அக்கா அவர் எதிரில் குந்தி உட்கார்ந்தாள்.

"உங்களை மன்னிச்சிட்டேன். முழுசா. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லா இருங்க."

அவர் கண்ணைத் திறந்தார். இத்தனை வருஷத்தில் இவளுக்காகத் திறந்தது அதுதான் முதல் தடவை. ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. அக்கா எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். வழியில் ரோஸ்மில்க் வாங்கிக்கொடுத்தாள். பின்னால் உட்கார்ந்து ஏதோ பாடிக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பாட வரும் என்றே எனக்கு அதுவரை தெரியாது. அவளை நான் அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டு கேட்டுக்கு வெளியே அவர் நின்றிருந்தார். தோளில் ஒரு துணிப்பை, கையில் கம்பு. அக்கா ஈரத்தலையோடு வெளியே வந்தாள்.

"என்ன?"

"நீதானேம்மா கூப்ட்ட."

"நான் எங்க கூப்ட்டேன்?"

"மன்னிச்சிட்டேன்னு சொன்னியே." அவர் ஏமாற்றுகிறவரைப் போல இல்லை. உண்மையாகவே குழம்பியிருந்தார். "முட்டி வலிக்குது. அங்க உட்கார முடியல."

அக்கா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாளியோடு நின்றேன். மூடு அக்கா, மூடிவிட்டு உள்ளே போ என்று எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "வாயால சொல்லிட்டேனேடி" என்றாள், எனக்கே சரியாகக் கேட்காத குரலில். கேட்டைத் திறந்துவிட்டாள்.

பொண்ணு ஓசூரிலிருந்து போனில் அழுதாள். "அப்பா வந்துட்டாரேம்மா, அது போதும்மா." நாத்தனார் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு ஆட்களோடு வந்து தம்பி காலில் விழுந்தார். "எங்க வம்சத்துல ஒரு சாமி" என்று அழுதார். அக்காவைக் கட்டிக்கொண்டு, "நீ குடுத்து வச்சவடி" என்றார். மன்னித்தது இவள், பாக்கியம் அவரால் வந்தது என்று எப்படியோ கணக்கு மாறிவிட்டது.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். குடிக்கவில்லை, அதட்டவில்லை. ஒருவேளைதான் சாப்பிட்டார், தட்டைத் தானே கழுவினார். மெதுவாகப் பேசுவார், அதுவும் எப்போதாவது. ஆனால் வந்த மறுநாளே ஜன்னலுக்குக் கீழே இருந்த பாயில் போய் உட்கார்ந்துகொண்டார். மலை தெரிகிறதே. காலையில் உட்கார்ந்தால் வெயில் ஏறும் வரை, மறுபடி சாயங்காலம். சத்தம் ஆகாது. அக்கா மிக்சி போடுவதை விட்டாள், கையால் அரைத்தாள். விசில் வருவதற்குள் குக்கரை இறக்கினாள். டிவிக்குத் துணி போட்டு மூடினாள். தெருப் பெண்கள் விபூதி வாங்க வந்தார்கள். கிரிவலப் பாதையிலிருந்து பழைய சாமியார் சிநேகிதர்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அக்கா டீ போட்டாள்.

அவள் உட்காரப் பார்க்காமல் இல்லை. சமையலறையில் சிலிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். யாராவது தண்ணீர் கேட்டார்கள். மொட்டை மாடிக்குப் போனாள். தரை சுட்டது. என் வீட்டுக்கு வரச் சொன்னேன். நாலு நாள் வந்தாள். ஐந்தாம் நாள் அவருக்கு முட்டிக்கு ஒத்தடம் கொடுக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போனபோது டீச்சர் இவளை எல்லோருக்கும் முன்னால் நிற்கவைத்து, "இவங்க நிஜமாவே மன்னிச்சவங்க" என்று சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள். அதற்கப்புறம் அக்கா வகுப்புக்குப் போகவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் அக்கா டியூட்டிக்குப் போனதும் நேராக உள்ளே போய், "சாமி, இது அக்கா உட்கார்ற இடம். அவங்க இங்க உட்கார்ந்துதான் மனுஷியா ஆனாங்க. நீங்க வேற ரூம்ல உட்காருங்க" என்றேன்.

அவர் கனிவோடு சிரித்தார். "இடம்னு ஒண்ணு இருக்காம்மா?"

"இருந்ததனாலதானே நீங்க வந்து உட்கார்ந்தீங்க" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பாயை உருவி எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தேன். அக்காவுக்குத்தான் கெட்ட பெயர் வரும் என்று திரும்பி வந்துவிட்டேன்.

தைல வாசனை திரும்ப வந்தது. ஒரு சாயங்காலம் துணி எடுக்க மாடிக்கு வந்தவள், மதில் வழியாக என்னைக் கூப்பிட்டாள்.

"ஏன்டி, கொடுத்த மன்னிப்பைத் திருப்பி வாங்க முடியுமா?"

"தாராளமா முடியும். கோபம் இன்னும் தீரலன்னு நேரா சொல்லிடுங்க."

"அதான் கஷ்டம். கோபம் இல்லியே. நிஜமாவே மன்னிச்சிட்டேன்டி. அவரைப் பார்த்தா பாவமாதான் இருக்கு." காய்ந்த காவி வேட்டியை மடித்துக்கொண்டே சொன்னாள். "திட்டிக்கினு இருந்தப்பகூட நான்னு ஒருத்தி இருந்தேன். இப்ப அதுவும் இல்ல. அந்தப் பொண்ணைப் போயி பார்க்கவே நேரம் இல்ல."

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. துரத்திவிடுங்கள் என்று சொல்லியிருப்பேன், அவள் தன் வழக்கமான பதிலைச் சொல்லியிருப்பாள்.

அப்புறம் என் வீட்டுக்காரருக்கு மாற்றலாகி நாங்கள் செய்யாறுக்கு வந்துவிட்டோம். போன் பேச்சு மெல்லக் குறைந்தது. போன தை மாசம் ஒரு கல்யாணத்துக்குத் திருவண்ணாமலை போனபோது என் தம்பி வீட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். எங்கள் நகரில் இப்போது முள்ளுக்காடே இல்லை. அக்கா வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. கதவு ஒருக்களித்திருந்தது. நான் கூப்பிடுவதற்குள் அக்கா உதட்டில் விரலை வைத்துக்கொண்டு வெளியே வந்து, என் கையைப் பிடித்து கேட்டுக்கு இந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஓய்வு பெற்றுவிட்டாளாம். தலை வெளுத்திருந்தது, இளைத்திருந்தாள். குரல் போயிருந்தது. தெருவில் நின்றுகூட ரகசியம் பேசுகிற மாதிரியே பேசினாள். ஒரு லாரி போனபோது அவள் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள், என்னைப் பார்த்ததில். எனக்குத்தான் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"காலையில கண்ணை மூடி உட்காருவீங்களேக்கா, இப்பவும் உட்கார்றீங்களா?"

"அதுவா?" என்று சிரித்தாள். "வீட்டுல ஒருத்தர் உட்கார்ந்தா போதாதாடி?"

சொல்லிவிட்டு, நானும் சிரிப்பேன் என்று என் முகத்தைப் பார்த்தாள். என்னால் முடியவில்லை. அவள் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டேன். உள்ளே யாரோ இருமினார்கள். உடனே கையை விடுவித்துக்கொண்டாள்.

"உள்ள கூப்பிட முடியல, தப்பா நினைச்சுக்காத. அவரு எழுந்திரிக்கற நேரம்" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சாத்துகிற சத்தமே வரவில்லை.

வாய்விட்டு அழக்கூட அங்கே இடமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து சாவியைப் போட்டேன். போட்டவள் கையை எடுத்துவிட்டேன். ஸ்டார்ட் பண்ணினால் சத்தம் உள்ளே கேட்கும், எல்லோரும் அவளைத்தான் பார்ப்பார்கள். இறங்கி, தெருமுனை வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன்.